பாதி உரிந்த திரை

2012 ஜூனில் ரெட்டினா திரையுடன் மேக்புக் புரோவை வெளியிட்டபோது ஆப்பிள் நிறுவனம் பெருமையோடு சொன்ன எண்களில் ஒன்று 75. பழைய திரையோடு ஒப்பிட்டால் கூசல் 75 சதவீதம் வரை குறையும் என்றார்கள். அப்படித்தான் குறைந்தது. ஆனால் அதைச் சாதித்த பூச்சு, ஓரிரு ஆண்டுகளில் பலரின் திரையில் உரிய ஆரம்பித்தது. முதலில் கேமராவைச் சுற்றியோ ஓரங்களிலோ எண்ணெய் பட்டதுபோல ஒரு திட்டு வரும். துடைத்தால் போகாது, துடைக்கத் துடைக்கப் பெரிதாகும். சில திரைகளில், மூடியிருக்கும்போது அழுந்திய விசைகளும் டச்பேடின் ஓரமும் அச்சுப் பதித்ததுபோல அப்படியே தெரிந்தன.

பயனர்கள் இதற்கு 'ஸ்டெயின்கேட்' என்று பெயர் வைத்துப் புகார்களைத் திரட்டினார்கள். 2015 அக்டோபரில் ஆப்பிள் இறங்கிவந்தது. பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல், சர்வீஸ் மையங்கள் வழியாக, வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் இருந்த திரைகளை இலவசமாக மாற்றிக்கொடுத்தார்கள். பிறகு அந்தக் கெடு நான்கு ஆண்டாக நீண்டது. இன்று அந்த இயந்திரங்கள் எல்லாக் கெடுவையும் தாண்டிவிட்டன. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் செகண்ட் ஹேண்டாகக் கைமாறும் வயது அவற்றுக்கு. உள்ளே எல்லாம் நன்றாக ஓடும். திரை மட்டும் தேமல் பிடித்துக் கிடக்கும். வாங்கியவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மிச்சப் பூச்சையும் எடுத்துவிடலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில்கள் ஏராளம். வாய் கொப்பளிக்கும் மருந்து, பற்பசை, ஆப்பச் சோடா, குழந்தைகளுக்கான ஈரத்துணி, ஆல்கஹால், பிளேடு, கண்ணாடி மெருகேற்றும் தூள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாமே யாரோ ஒருவருக்குப் பலித்தவை. வேறொருவரின் திரையைப் பாழாக்கியவையும் இவற்றில் உண்டு. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் திரவங்களில் இல்லை, திரைகளில் இருக்கிறது. 'மானிட்டர் பூச்சு' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது ஒரே பொருள் அல்ல. அடியில் இருப்பது கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று பார்க்காமல் கொடுக்கும் எந்தச் செய்முறையும் குருட்டு யோசனைதான்.

முதலில், உரிந்த பூச்சு ஏன் கண்ணை இவ்வளவு உறுத்துகிறது என்று பார்ப்போம். வெறும் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, கண்ணாடியுடையது ஏறத்தாழ 1.5, அந்த இடைவெளியே காரணம். நடுவே இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணுள்ள ஒரு பொருளை, ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு கனத்தில் பூசினால், பூச்சின் மேற்பரப்பில் தெறிக்கும் அலையும் அடிப்பரப்பில் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கண்ணாடி லென்சுகளில் நெடுங்காலமாகப் பயன்படும் மெக்னீசியம் ஃபுளோரைடு சுமார் 100 நானோமீட்டர் கனத்தில் பூசப்பட்டால் தெறிப்பு 1.3 சதவீதம் அளவுக்கு இறங்கும். பல அடுக்குப் பூச்சில் இன்னும் குறையும். 4 சதவீதம் 1 ஆகிறது என்றால் அதுதான் ஆப்பிள் சொன்ன 75.

இதையே திருப்பிப் பாருங்கள். பூச்சு போன இடத்தில் மின்விளக்கின் பிம்பம் பக்கத்து இடத்தைவிட நான்கு மடங்கு பளிச்சென்று தெறிக்கிறது. நான்கு சதவீதத் தெறிப்பு ஒன்றும் பெரிய குறையல்ல. பூச்சே இல்லாத எத்தனையோ கண்ணாடித் திரைகளை நாம் முணுமுணுக்காமல் பயன்படுத்தியிருக்கிறோம். ஒரே திரையில் இரண்டு விதமான தெறிப்பு இருப்பதும், அவற்றுக்கிடையே ஒரு விளிம்பு ஓடுவதும்தான் கண்ணைக் கெடுக்கின்றன. பாதி சுண்ணாம்பு உதிர்ந்த சுவரைவிட முழுக்கச் சுரண்டிய சுவர் பார்க்கத் தேவலை அல்லவா? பூச்சை எடுப்பது என்பது தேய்மானம் தொடங்கிய வேலையை நாம் முடித்துவைப்பது, அவ்வளவே. ஆகவே பாதி எடுத்துவிட்டுப் பாதியில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

இந்தப் பூச்சின் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அது தேய்மானத்திலிருந்தே பிறந்தது. 1886இல் ராலே பிரபு, நாள்பட்டு மேற்பரப்பு மங்கிய பழைய கண்ணாடி புதுக்கண்ணாடியைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதைக் கவனித்தார். 1892இல் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய லென்ஸ் வடிவமைப்பாளர், நிறம் மாறி வீணாகிவிட்டதாக எண்ணப்பட்ட பழைய கேமரா லென்சுகளிலும் அதையே கண்டார். காலம் கண்ணாடியின் மேற்பரப்பைக் கரைத்து, தானாகவே ஒரு மெல்லிய பூச்சைப் போட்டுவைத்திருந்தது. 1935இல் செய்ஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். 1938இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு கனமுள்ள சோப்புப் படலங்களை 44 அடுக்காக ஏற்றி, 99 சதவீதத்துக்கு மேல் ஒளியைக் கடத்தும் கண்ணாடியைச் செய்துகாட்டினார். சிக்கல் என்னவென்றால், விரலால் துடைத்தாலே அந்தப் படலம் வந்துவிடும். எண்பது ஆண்டுகள் கழித்து நம் மடிக்கணினியில் நடப்பது அந்தப் பழைய கதைதான். தெறிப்பைக் குறைக்க வழி கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்ததை ஒட்டவைப்பது எப்போதுமே கடினமாக இருந்திருக்கிறது.

உங்கள் திரையில் இருப்பது என்ன என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. திரையை அணைத்துவிட்டு டியூப் லைட்டின் பிம்பம் விழும்படி சாய்த்துப் பாருங்கள். பிம்பம் கூர்மையாக, ஆனால் ஊதா அல்லது பச்சை சாயலோடு தெரிந்தால் அது முன்பு சொன்னபடி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிக்கும் குறுக்கீட்டுப் பூச்சு. மேக்புக்கில் இருப்பது இந்த வகை. உரிந்த இடத்தில் அதே விளக்கு வெள்ளையாகத் தெரியும். பிம்பமே தெரியாமல் வெளிச்சம் மாவுபோலப் பரவினால் அது மேட் பரப்பு, அதாவது சொரசொரப்பால் ஒளியைச் சிதறடிப்பது. ஒரு துளி தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நிற்கிறதா? அப்படியானால் மேலே கைரேகை ஒட்டாமலிருக்க ஃபுளோரின் கலந்த ஒரு மெல்லிய படலமும் இருக்கிறது. தொடுதிரைகளில் முதலில் தேய்வது இதுதான். அது போனால் திட்டு தெரியாது, விரல் வழுக்குவது மட்டும் குறையும். அதற்காக எதையும் சுரண்டத் தேவையில்லை.

பெரும்பாலான அலுவலக மானிட்டர்கள் இரண்டாம் வகை, மேட். அவற்றின் மேற்பரப்பு கண்ணாடியே அல்ல. எல்சிடி பலகையின் கண்ணாடிமேல் போலரைசர் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் படலத்தின் மேல்தோலே மேட்டாகச் செய்யப்பட்டது. தேய்த்தால் சில இடங்கள் பளபளப்பாகி நிரந்தர வடுவாகிவிடும். ஈரமான காகிதத்துண்டைப் பல மணி நேரம் பரப்பிவைத்து, ஊறவைத்து, மேட் அடுக்கை மட்டும் உரித்தெடுத்துப் பளபளப்புத் திரையாக மாற்றிய துணிச்சல்காரர்கள் உண்டு. சில பலகைகளில் அது தனி அடுக்காக இருப்பதால் முடிகிறது. கூடவே போலரைசரும் வந்துவிட்டால் திரை வெறும் வெள்ளை வெளிச்சமாக நிற்கும். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால்தான் படம் தெரியும்! மந்திர வித்தை காட்ட உதவலாம், கணக்கு எழுத உதவாது. அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இந்தப் பிளாஸ்டிக்கின் பக்கமே போகக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால், மேட் எல்சிடியில் தேய்ந்த பூச்சை எடுக்கும் முயற்சி என் பார்வையில் வேண்டாத வேலை.

இனி கண்ணாடிமேல் பூசிய பூச்சு. பேச விஷயம் உள்ள இடம் இதுதான்.

மேக்புக் திரைகளுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது லிஸ்டரின் வகை வாய் கொப்பளிக்கும் மருந்து. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பழைய லிஸ்டரினில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆல்கஹால். கூடவே தைமால், யூக்கலிப்டால், மென்தால் போன்ற எண்ணெய்ச் சாரங்கள். அழுக்கையும் கைப்பிசுக்கையும் இது நன்றாக இளக்கும், மெதுவாகக் காயும், கண்ணாடியைக் கீறாது. ஆனால் பூச்சின் ஆக்சைடு அடுக்குகள் ஆல்கஹாலில் கரைவதில்லை. ஏற்கெனவே பிடிப்பு விட்டுப்போன பூச்சுதான் ஈரத்திலும் தேய்ப்பிலும் கழன்று வருகிறது. அதனால்தான் உரிந்த திட்டின் ஓரத்தில் வேகமாக வரும் பூச்சு, நடுத்திரையில் பிடிவாதம் பிடிக்கிறது. அங்கே வேலை செய்வது திரவம் அல்ல, தோள்பட்டை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கும் இதே கதைதான். சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அடிக்கடி நனைக்க வேண்டியிருக்கும்.

தேய்ப்புக்குத் துணையாகத் தூள் சேர்க்கும்போது கடினத்தன்மையைப் பார்க்க வேண்டும். மோஸ் அளவையில் கண்ணாடி சுமார் 5.5. ஆப்பச் சோடா 2.5, பற்பசைகளில் சேர்க்கும் சுண்ணாம்புக் கார்பனேட் 3. இவை இரண்டும் கண்ணாடியைவிட மென்மையானவை. தளர்ந்த பூச்சைத் தள்ளிவிடும், கண்ணாடியைத் தொடாது. சிலிக்கா கலந்த பற்பசைகள், குறிப்பாக 'வெண்மை தரும்' என்று விற்கப்படுபவை, அப்படிப் பாதுகாப்பானவை அல்ல. அலுமினா உள்ள மெருகுப் பசைகளை நினைக்கவே வேண்டாம், அதன் கடினம் 9. ஆப்பச் சோடாவைச் சில துளி தண்ணீரில் கூழாக்கி மைக்ரோஃபைபர் துணியில் தேய்ப்பதுதான் இந்த வரிசையில் எனக்கு அதிக நம்பிக்கையுள்ள முறை. பிசுக்கைப் போக்க முன்னும் பின்னும் ஆல்கஹால் துடைப்பு போதும்.

முறையைவிடத் திரைகளை அதிகம் கொன்றது வேறு இரண்டு. ஒன்று ஈரம். திரையின் விளிம்பில் ரப்பர்ப் பட்டை இருந்தாலும் நிறைய ஊற்றினால் உள்ளே கசியும். நிமிர்த்தி வைத்துத் தேய்த்தால் வழிந்து கீழ்விளிம்பில் தேங்கி, அங்கே ஓடும் சுற்றையும் பின்னொளி அடுக்குகளையும் கெடுக்கும். திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும், திரையில் அல்ல. கணினியை முழுக்க அணைத்து, மூடி முழுதும் மேசையில் படியும்படி கிடத்திச் செய்வது நல்லது. இன்னொன்று அழுத்தம். மெல்லிய மூடிக்குப் பின்னால் இருப்பது கல் அல்ல. பெருவிரலை ஊன்றி ஒரே இடத்தில் தேய்த்தால் பின்னொளித் தாள்கள் நசுங்கி, வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று ஒரு புள்ளி நிலைத்துவிடும். பூச்சின் திட்டை எடுக்கப்போய் வேறு திட்டை வாங்கிக்கொண்டதாக முடியும். பரந்த துணியில், மிதமான அழுத்தத்தில், நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. பொறுமை இல்லாதவர்கள் ஒரு மாலை முழுவதும் வேறு ஏதாவது செய்யலாம்.

சிலர் இதைக் குறுக்குவழியில் முடிக்கப் பார்ப்பதால் ஓர் எச்சரிக்கை. கண்ணாடியில் பூவேலை செய்ய விற்கப்படும் அரிப்புப் பசைகளில் ஃபுளோரைடு சேர்மங்கள் இருக்கின்றன. அவை பூச்சோடு கண்ணாடியையும் தின்று பால்போல மங்கவைக்கும். ஆக, காரியமும் நடக்காது. தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடுங்கும், உயிருக்கே ஆபத்து. காஸ்டிக் சோடாவும் கூடாது. சிலிக்காவை அது கரைக்கும் என்பது உண்மை, ஆனால் மேக்புக்கின் அலுமினிய உடம்பை அதைவிட வேகமாகக் கரைக்கும்.

கண்ணாடித் தொழிலில் மெருகேற்றப் பயன்படுவது சீரியம் ஆக்சைடு. நீரில் குழைத்து ஃபெல்ட் சக்கரத்தில் ஓட்டினால் நூறு நானோமீட்டர் பூச்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சக்கரமும் சூடும் குழம்பும் லேப்டாப் மூடிக்கு ஏற்றவை அல்ல. அது பொருந்துவது அடுத்த வகைக்கு, கனமான கண்ணாடி முகம் கொண்ட பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களுக்கு.

டியூப் மானிட்டர் போய்ச் சேர்ந்த பொருள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய வீடியோ கேம் ஆடுபவர்களும் படக்கலைஞர்களும் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் கொண்டாடிப் பேசுவது சோனியின் ஜிடிஎம்-எஃப்டபிள்யூ900. 24 அங்குல டிரினிட்ரான், 2304க்கு 1440 புள்ளிகள், 42 கிலோ எடை. இவ்வகைச் சோனி டியூப்களில் கண்ணாடிமேல் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது, அதன்மேல்தான் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. ஆண்டுகள் பல துடைத்ததில் அது கீறி, ஓரத்தில் கிளம்பி, அசிங்கமாகிவிடும். நல்ல செய்தி, படலம் என்பதால் முழுதாக உரியும். ஓரத்தை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் கிளப்பி, தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுத்தால் பெரிய தாளாகவே வந்துவிடும். மிஞ்சும் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் எடுக்கலாம். வேறு பல டியூப்களில் பூச்சு நேராகக் கண்ணாடியில் ஏற்றிச் சுடப்பட்டது. அதில் உரிக்க ஒன்றுமில்லை. சீரியம் ஆக்சைடும் உழைப்பும்தான்.

ஆனால் உரித்த பின் பலர் வருந்துகிறார்கள், அதற்குக் காரணம் தெறிப்பு அல்ல. அந்தப் படலம் லேசாகக் கறுத்தது. படலம் 80 சதவீத ஒளியைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். டியூப்பின் படம் அதை ஒருமுறைதான் கடக்கிறது, 80 சதவீதம் கண்ணுக்கு வருகிறது. அறை வெளிச்சமோ உள்ளே போய், டியூப்பின் உட்புறம் படத்தை ஒளிரவைக்கும் சாம்பல் நிறப் பாஸ்பரில் பட்டு, மீண்டும் வெளியே வர வேண்டும். இருமுறை கடப்பதால் 64 சதவீதம்தான் மிஞ்சுகிறது. படத்துக்கும் சூழ்நிலை ஒளிக்கும் இடையே இந்த வித்தியாசத்தைக் காப்பதே கறுப்பின் வேலை. படலத்தை எடுத்தால் படம் பளிச்சிடும், ஆனால் விளக்கெரியும் அறையில் கறுப்பு சாம்பலாகிவிடும். இருட்டறையில் பயன்படுத்துபவருக்கு இது நஷ்டமே இல்லை. பகல் வெளிச்சத்தில் பயன்படுத்துபவர் கீறலோடு பொறுத்துக்கொள்வது மேல்.

இன்னொரு விளைவு கையில் உறைக்கும். 1990களில் ஸ்வீடனின் எம்பிஆர்-2, டிசிஓ தரநிலைகள் மானிட்டர் முகத்தின் மின்புலத்துக்கு வரம்பு கட்டின. அதனால் தயாரிப்பாளர்கள் முகப்பில் மின்கடத்தும் அடுக்கையும் சேர்த்தார்கள். அது தெறிப்புத் தடுப்பு அடுக்குகளோடு சேர்ந்தே இருந்தால், பூச்சோடு அதுவும் போகும். அதன்பின் திரையருகே கை கொண்டுபோனால் ரோமம் சிலிர்க்கும், தூசி வந்து ஒட்டிக்கொண்டே இருக்கும்.

டியூப்பின்மேல் உலோகப் பிளேடு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உள்ளே வெற்றிடம், காற்றின் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால், எஃப்டபிள்யூ900இன் முகத்தின்மேல் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை டன் பாரம் எந்நேரமும் அமர்ந்திருக்கிறது. முகப்புக் கண்ணாடி கனமானது, அவ்வளவு எளிதில் உடையாது. ஆனாலும் ஆழமான கீறல் எந்தக் கண்ணாடிக்கும் பலவீனம்தான். முகப்புச் சட்டத்தைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் பின்னால் சேர்ந்திருக்கும் உயர்மின்னழுத்தம் தெரிந்தவரின் கையால் நடக்கட்டும்.

இந்த வேலையின் மூத்த வடிவம் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1950களின் இறுதியிலிருந்து பல டியூப்களின் முகத்தில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை நேரடியாகப் பசைவைத்து ஒட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பாலிவினைல் அசிடேட் பசை கெட்டு, ஓரங்களிலிருந்து குமிழ்களும் வெண்திட்டுகளுமாகப் பரவியது. பழம்பெட்டிகளைச் செப்பனிடுபவர்கள் அதைக் கண்புரை என்றே அழைக்கிறார்கள். வெப்பத்தால் பசையை இளக்கி, மெல்லிய கம்பியை இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓட்டி அறுத்து எடுக்கிறார்கள். பசையைச் சுத்தம் செய்தபின் அந்தப் பாதுகாப்புக் கண்ணாடியைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். அங்கே எடுக்கப்படுவது அழகுக்கான பூச்சு அல்ல, டியூப் உடைந்தால் சில்லுகளைத் தடுக்கும் கவசம்.

எடுக்காமலே சமாளிக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். திட்டின் மேல் ஒரு துளி தண்ணீரைத் தடவிப் பாருங்கள். நனைந்த இடத்தில் பூச்சின் விளிம்பு மங்கிவிடும். காற்றுக்குப் பதில் கண்ணாடிக்கு நெருங்கிய எண்ணுள்ள பொருள் மேலே வந்தால் பூச்சு உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் கரைகிறது. முழுதும் பசையுள்ள ஸ்கிரீன் கார்டு ஒட்டினால் நிரந்தரமாகவே இது நடக்கும். ஓரத்தில் மட்டும் பசையுள்ளது உதவாது, நடுவே காற்று இருக்கும். மேட் கார்டானால் தெறிப்பும் சிதறும். லேப்டாப்பில் மூடி விசைப்பலகையோடு நெருங்கி மூடுவதால் கனம் கவனிக்க வேண்டியது: கேமரா மறைப்பிகள் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் கனமாக இருக்கக்கூடாது என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. தனி மானிட்டருக்கு அந்தக் கவலை இல்லை. திட்டு ஓரத்தில் சின்னதாக இருந்தால், முழுத்திரையைத் தேய்ப்பதைவிட இதையே நான் முதலில் செய்வேன்.

திட்டு நடுத்திரைக்கு வந்துவிட்டால் கதை வேறு. அப்போது முழுதாக எடுத்துவிடுவதே சரி. எடுத்தபின் கிடைக்கும் வெறும் கண்ணாடிக்குச் சில சௌகரியங்கள்கூட உண்டு. தெறிப்புக் குறைந்த பூச்சின்மேல் கைரேகை தனித்துத் தெரியும். வெறும் கண்ணாடியில் அவ்வளவு தெரியாது. துடைக்கும் திரவத்தைப் பற்றியும் முன்போல அஞ்ச வேண்டாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராமல் இருந்தால், பிரகாசத்தை இரண்டு கட்டம் ஏற்றினால், நாளின் பெரும்பகுதி வித்தியாசம் நினைவுக்கே வராது. வெயிலில், ரயிலின் ஜன்னலோரத்தில் அமர்ந்து வேலை செய்பவர் மட்டும் மேட் கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.